செவிலி மாணவியரும் சரித்திரப் பரீட்சையும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் செவிலியர் பயிற்சிக்குச் செல்லும் பெண்மக்கள் இன்று பலர் உளர். உடற்கூற்றியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகிய பாடங்களை அவர்கள் அஞ்சி அஞ்சிப் படிக்கிறார்கள். நள்ளிரவு வரை வீட்டில் விளக்கு எரிகிறது. ஆனால் தம் தொழிலின் சரித்திரத்தைப் பற்றிய பகுதி வந்தவுடன் மட்டும் ஓர் அலட்சியம் தோன்றிவிடுகிறது. ஐந்தாறு ஆண்டுகளை உருப்போட்டுக்கொண்டு போனால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். பரீட்சை மண்டபத்தில் அந்த ஆண்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 1905 எது, 1908 எது, 1922 எது என்று தடுமாறி, கடைசியில் ஏதோ ஒன்றை எழுதிவிட்டு வருகிறார்கள். எளிதில் பெற்றிருக்கக்கூடிய மதிப்பெண்கள் இவ்வாறு வீணாகின்றன.

இத்தகைய வினாக்களுள் அடிக்கடி இடம்பெறுவது, செவிலி மாணவர் சங்கத்தைப் பற்றிக் குறிப்பு வரைக என்பதாகும். ஸ்டூடண்ட் நர்ஸஸ் அசோசியேஷன் என்பது அதன் ஆங்கிலப் பெயர், கல்லூரிகளில் எஸ்.என்.ஏ. என்றே வழங்குகிறார்கள். விடை எழுதும் மாணவி பெரும்பாலும் அதே சங்கத்தின் உறுப்பினராகவே இருப்பார். சந்தா கட்டியிருப்பார், அதன் கலைவிழாவில் ஆடியிருப்பார், கண்காட்சிக்கு அட்டை வெட்டி ஒட்டியிருப்பார். ஆயினும் அது எப்போது, எதற்காகத் தோன்றிற்று என்று கேட்டால் வாய் திறக்கமாட்டார். (நம் தமிழ்ச் சங்கத்தைப் பற்றி இதே கேள்வியை நம் உறுப்பினர்களிடம் கேட்டால் என்ன விடை வரும் என்பது வேறு விஷயம்.)

ஆண்டுகள் மனத்தில் நிற்காமற் போவதற்குக் காரணம் ஞாபகசக்தியின் குறைவு அன்று என்பது நம் அபிப்பிராயம். ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு குறையை நிரப்ப எழுந்தது. அந்தக் குறை இன்னதென்று தெரிந்துகொண்டால் ஆண்டு தானே வந்து ஒட்டிக்கொள்ளும். அவ்வாறு ஒரு முறை வரிசையாகப் பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டின் பெரிய வைத்தியசாலைகளில் செவிலியர்க்குத் தலைமை தாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்மணிகள். ஒருவர் லக்னோவில் இருந்தால் மற்றொருவர் பம்பாயில் இருப்பார். பயிற்சிக்குப் பொதுவான திட்டமில்லை. ஒருவர் செய்வது மற்றவர்க்குத் தெரியாது. இக்குறை தீர, 1905ஆம் ஆண்டு லக்னோவில் செவிலியர் கண்காணிப்பாளர் சங்கம் தோன்றியது. அது அதிகாரிகளின் சங்கம் என்பதை மறத்தல் கூடாது. வார்டில் நோயாளியின் அருகில் நின்ற சாதாரணச் செவிலிக்கு அங்கே இடமில்லை. அவர்க்கும் இடம் வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததே 1908இல் ஏற்பட்ட இந்தியப் பயிற்சிபெற்ற செவிலியர் சங்கம், அதாவது டி.என்.ஏ.ஐ. சங்கம் ஏற்பட்டபின் உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள ஓர் ஏடு வேண்டுமல்லவா? 1910இல் ‘நர்சிங் ஜர்னல் ஆஃப் இந்தியா’ வெளிவரத் தொடங்கியது. உலகச் செவிலியரோடு தொடர்பு வேண்டுமல்லவா? 1899இல் அமைந்திருந்த சர்வதேசச் செவிலியர் பேரவையில் 1912இல் இந்தியச் சங்கம் சேர்ந்தது. அதிகாரிகளுக்கு ஒரு சங்கமும் மற்றவர்க்கு ஒரு சங்கமும் தனித்தனியே இயங்குவது வீண் என்று கண்டு, 1922இல் முந்திய கண்காணிப்பாளர் சங்கம் டி.என்.ஏ.ஐ.யோடு இணைந்தது. 1905க்கும் 1908க்கும் உள்ள குழப்பம் இந்த 1922ஐப் புரிந்துகொண்டவர்க்கு வருவதில்லை; இரண்டு சங்கங்கள் இருந்தமையால்தானே இணைப்பு என்ற ஒன்று நேர்ந்தது?

இவ்வளவையும் பார்த்த பின்பு ஒரு கேள்வி எழவேண்டும். மாணவியர் எங்கே?

1908ஆம் ஆண்டுச் சங்கத்தின் பெயரிலேயே விடை இருக்கிறது. அது பயிற்சி ‘பெற்ற’ செவிலியர் சங்கம். பயிற்சி பெற்றுக்கொண்டிருப்பவர்களுக்கென்று அதில் ஓர் அமைப்பு இல்லை. அக்காலத்துச் செவிலிப் பள்ளி தனியானதொரு கல்விக்கூடம் அன்று. வைத்தியசாலையோடு ஒட்டிய ஓர் இணைப்பு. மாணவி வார்டில் வேலை செய்தாள். படுக்கை விரித்தாள், பாத்திரம் துலக்கினாள், இரவெல்லாம் விழித்திருந்தாள். பாடம் என்பது வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் நடந்தது. அவளுக்குப் பாடம் சொல்பவரும் அவளிடம் வேலை வாங்குபவரும் ஒரே மேட்ரன் அம்மையார்தாம். வேலை அதிகம் என்று சொன்னால் மாணவிக்கு அடக்கமில்லை என்பார்கள். பாடம் போதவில்லை என்றால் முதலில் வார்டைக் கவனி என்பார்கள். வேலைக்காரியும் அல்லள், முழு மாணவியும் அல்லள் என்ற நிலை. இது இந்நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. 1860இல் லண்டன் ஸெயிண்ட் தாமஸ் வைத்தியசாலையில் நைட்டிங்கேல் அம்மையாரின் பயிற்சிப்பள்ளி தொடங்கியது முதல், வைத்தியசாலைப் பள்ளிகள் பல இடங்களிலும் மாணவியரின் கைகளை நம்பியே வார்டுகளை நடத்திவந்தன. எனினும் இங்கே அந்நிலை இன்னும் கடினமாக இருந்தது. ஊரை விட்டு, உறவை விட்டு, பிறர் ஏளனத்தையும் தாங்கி வந்த பெண்ணுக்கு விடுதிச் சுவருக்கு வெளியே அவளைப் போன்ற மற்றொரு பெண்ணைச் சந்திக்கும் வாய்ப்பே இல்லை.

டி.என்.ஏ.ஐ.யின் வருடாந்தர மகாநாட்டையொட்டி 1929இல் செவிலி மாணவர் சங்கம் ஏற்பட்டதன் பொருள் இந்தப் பின்னணியில்தான் விளங்கும். 1908க்கும் 1929க்கும் இடையே 21 ஆண்டுகள். மாணவியும் இத்தொழிலின் ஓர் உறுப்பே என்று ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் ஆயிற்று. விடைத்தாளில் இந்த ஒரு வாக்கியத்தை எழுதும் மாணவியைத் திருத்துவோர் மறக்கமாட்டார் என்று நாம் நம்புகிறோம்.

அடுத்துச் சங்கத்தின் நோக்கங்களைக் கேட்பார்கள். பாடநூல்களில் அவை ஏழெட்டாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதும், நான்காவதை மறந்தவுடன் மற்ற எல்லாவற்றையும் மறப்பதும் வழக்கம். வரிசையை விட்டுப் பொருளைப் பிடித்துக்கொள்வது நல்லது. தாம் கற்கும் தொழிலின் கண்ணியத்தைக் காப்பது ஒன்று. தமக்குள் ஒற்றுமை உணர்ச்சியை வளர்ப்பது மற்றொன்று. படிப்பைப் பற்றி ஆலோசனை அளிப்பதும், தலைமை ஏற்கும் திறமையை வளர்ப்பதும், தொழிலின் பல கிளைகளையும் அறியச்செய்வதும் நோக்கங்களுள் அடங்கும். விளையாட்டும் கேளிக்கையும் உண்டு. மகாநாடுகளில் கலந்துகொள்ளவும் கண்காட்சிப் போட்டிகளில் பங்குபெறவும் ஊக்கம் அளிப்பது உண்டு. ‘நர்சிங் ஜர்னல்’ ஏட்டில் மாணவியர்க்கென்று ஒரு பகுதி ஒதுக்குவதும் உண்டு.

இவற்றோடு இன்னொன்று இருக்கிறது. நம் மனத்தை மிகவும் கவர்ந்தது அதுதான். மாணவியரின் பொது அறிவையும் சமூகப் பழக்கத்தையும் பெருக்கி, பயிற்சி முடிந்து வெளியே வரும்போது உலகத்தில் தமக்குரிய இடத்தை அவர்கள் ஏற்கும்படி செய்தல் என்பது அதன் சாரம். விடுதியும் வார்டும் மட்டுமே அறிந்த ஒரு பெண், மூன்றாண்டு கழித்து வெளியே வந்து நாலு பேர் முன்னிலையில் நின்று பேசவேண்டும், தன் சம்பளத்தைத் தானே கேட்கவேண்டும், புதிய ஊரில் தனியே வீடு பார்க்கவேண்டும். இதற்கெல்லாம் பாடப்புத்தகத்தில் அத்தியாயம் கிடையாது. சங்கக் கூட்டத்தில் முதன்முதலாக எழுந்து நின்று நடுக்கத்தோடு அறிக்கை வாசிப்பதில்தான் அது தொடங்குகிறது. கலைவிழாவும் கண்காட்சியும் வீண்பொழுது என்று முணுமுணுக்கும் பெற்றோர் இதைச் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

சங்கத்தின் அமைப்பைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பயிற்சி நிலையந்தோறும் ஒரு கிளை, கிளைகளுக்கு மேலே மாநில அளவிலும் அகில இந்திய அளவிலும் அமைப்பு, இரண்டாண்டுக்கு ஒரு முறை தேசிய மகாநாடு, தாய்ச்சங்கமாக டி.என்.ஏ.ஐ. இவ்வளவு போதும். அத்தாய்ச்சங்கத்தின் தலைமை அலுவலகம் புதுடில்லி கிரீன் பார்க்கில் உள்ளது. அது இருக்கும் தெருவுக்கே ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் சந்து என்று பெயர். தலைநகரில் வாழும் நம்மவர்களில் பலர் அப்பகுதி வழியே நாள்தோறும் போய்வருகிறார்கள்.

சங்கத்தின் கதையை மட்டும் தனியே படித்தால் விடை மெலிந்துபோகும். அதைச் சுற்றி நடந்த சட்ட வரலாறும் தெரியவேண்டும். நம்மைப்போல் ஊர்விட்டு ஊர்வந்த குடும்பங்களுக்கு அதில் நேரடியான சம்பந்தமும் உண்டு. தமிழ்நாட்டுக்குப் பெருமை தரும் செய்திகள் இப்பகுதியில் வருகின்றன. சென்னையில் மருத்துவச்சிகளுக்கு 1854இலும், செவிலியர்க்கு 1871இலும் முறையான பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் செவிலிப் பள்ளியை ஏற்படுத்தினார். பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று பிரித்தறியச் சட்டபூர்வமான பதிவேடு தேவை என்று கண்டு, 1926இல் சென்னை மாகாணம் செவிலியர் மருத்துவச்சிகள் சட்டத்தை இயற்றியது. பம்பாய் மாகாணச் சட்டம் 1935இல் வந்தது.

இங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது. மாகாணத்துக்கு ஒரு சட்டம், ஒரு பாடத்திட்டம், ஒரு பதிவேடு என்றானபின், சென்னையில் பதிவுபெற்றவர் வேற்று மாகாணத்துக்குப் போனால் அவருடைய தகுதியை அங்கே யார் ஒப்புவது? கணவனுடைய உத்தியோகத்தை முன்னிட்டு ஊர் மாறிய செவிலிக்கு இதனால் நேரும் கஷ்டத்தை நம் வாசகர்களுக்கு விவரிக்க வேண்டுவதில்லை. 1947இன் இறுதியில் இயற்றப்பட்ட இந்தியச் செவிலியர் கவுன்சில் சட்டத்தின் முக்கியக் கருத்து, நாடு முழுவதிலும் பயிற்சித் தரம் ஒரே சீராக இருக்கவேண்டும், ஒரு மாநிலத்தில் பெற்ற தகுதி மற்ற மாநிலங்களிலும் செல்லவேண்டும் என்பதுதான். 2023இல் அச்சட்டத்துக்கு மாற்றாகத் தேசியச் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பழைய குறிப்பேடுகளில் இது இராது. அக்காள் வைத்திருந்த நோட்டையே தங்கையும் படிக்கும் வீடுகளில் இதைத் தனியே எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்துக்கு முந்திய நிலையைக் காட்ட ஓர் எண் போதும். 1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை தந்த போர் கமிட்டி, பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒரு செவிலி என்ற விகிதம் இருந்ததாகக் கணக்கிட்டது. மருத்துவர் விகிதம் 6,300 பேருக்கு ஒருவர். (இங்கே போர் என்பது யுத்தம் அன்று, தலைவர் ஸர் ஜோசப் போர் அவர்களின் பெயர். தமிழில் எழுதிப் படிப்போர் சற்று எச்சரிக்கையாக இருத்தல் நலம்.) அதே 1946இல்தான் டில்லியிலும் வேலூரிலும் செவிலியர்க்குப் பட்டப்படிப்பு தொடங்கியது. டில்லிக் கல்லூரி இன்று ராஜ்குமாரி அம்ருத் கௌர் பெயரால் வழங்குகிறது.

ஆண்டுகளைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். டில்லி ஸெயிண்ட் ஸ்டீபன்ஸ் வைத்தியசாலை 1867இல் இந்தியப் பெண்களுக்குச் செவிலிப் பயிற்சி தொடங்கியது என்று பல பாடக்குறிப்புகளில் காணப்படுகிறது. அந்த வைத்தியசாலை திறக்கப்பட்டதோ 1885இல். அதற்கு முன்பே மிஷன் பெண்மணிகள் டில்லியில் பெண்களிடையே மருத்துவப்பணி செய்துவந்தார்கள். வைத்தியசாலை அப்பணியின் தொடர்ச்சியாக எழுந்தது. பழைய பணியின் ஆண்டு பிற்காலத்து ஸ்தாபனத்தின் பெயரோடு சேர்ந்துகொண்டது போலும். பரீட்சையில் பாடநூல் சொல்லும் ஆண்டையே எழுதட்டும். அதில் வாதாடுவதால் பயனில்லை. ஆனால் கூர்மையான பெண்ணாக இருந்தால், கட்டடம் எழுவதற்கு முன்பே பயிற்சி எவ்வாறு நடந்திருக்கும் என்று ஆசிரியரிடம் கேட்கட்டும். நல்ல ஆசிரியர் மகிழ்வார்.

நம் வீடுகளைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்லத்தான் வேண்டும். ‘நர்ஸ் வேலைக்கா அனுப்புகிறீர்கள்?’ என்று கேட்கும் உறவினர் இன்றும் உளர். இரவுப்பணி, அந்நிய ஆடவரைத் தொட்டுப் பணி செய்தல், அசுத்தம் துடைத்தல் என்று அவர்கள் அடுக்கும் காரணங்கள் நூறாண்டுக்கு முன் சொல்லப்பட்டவையே. அக்காலத்தில் இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் பெரும்பாலும் தயங்கி நின்றமையால், முதலில் பயிற்சிக்கு வந்த இந்தியப் பெண்களில் மிகுதியானோர் கிறிஸ்தவப் பெண்களாகவே இருந்தனர். பிறர் தயங்கிய வேலையை அவர்கள் ஏற்றிராவிடில் இன்று நம் பெண்களுக்குக் கல்லூரி ஏது, சங்கம் ஏது? தொழிலின் கண்ணியத்தைக் காப்பது என்று சங்கத்தின் நோக்கங்களில் எழுதப்பட்டிருப்பது வெறும் அலங்கார வார்த்தை அன்று. அக்கண்ணியத்தை ஊரார் ஒப்புக்கொள்ளாத காலத்தில் அது எழுதப்பட்டது.

நம் மொழி இவ்விஷயத்தில் நமக்கு ஒரு நன்மை செய்திருக்கிறது. சங்கப் பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். உடன்போன மகளைத் தேடிப் பாலைவழியே நடப்பவள். நர்ஸ் என்ற சொல்லுக்கு ஈடாக இப்பழஞ்சொல்லை எடுத்துக்கொண்டபோது தாய்க்குரிய மதிப்பும் அதனோடு வந்து சேர்ந்தது. உறவினர்க்கு விடையாக இதைச் சொல்லிப் பார்க்கலாம். பரீட்சைக்கு இது உதவாது.

பரீட்சைக்கு உதவுவது வேறு. பாடம் ஆங்கிலத்தில் இருப்பதால் தாய்மார் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தேவையில்லை. நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் 1905, 1908, 1910, 1912, 1922, 1926, 1929, 1946, 1947 என்று ஒன்றொன்றாக எழுதிக் கலைத்துப் போடுங்கள். ஒரு தாளை எடுத்து மகளிடம் காட்டி, தமிழிலேயே, ‘இதற்கு முன்னால் என்ன இல்லை?’ என்று கேளுங்கள். நடந்தது என்ன என்று கேட்காதீர்கள். அதை அவள் உருப்போட்டிருப்பாள். 1929ஐக் காட்டும்போது, ‘மாணவிகளுக்கென்று ஒன்றும் இல்லை அம்மா’ என்று அவள் சொன்னால் பாதி விடை ஆயிற்று. ஏன் இல்லை என்று கேளுங்கள். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாம். புத்தகம் கையில் இருக்கவேண்டிய அவசியமில்லை. தமிழில் ஒரு முறை கதையாகச் சொல்லிவிட்டவளுக்கு ஆங்கிலத்தில் எழுதுவது பெரிய சிரமமாக இராது. முதலெழுத்துகளைச் சேர்த்து அர்த்தமில்லாத ஒரு சொல்லை உண்டாக்கி ஆண்டுகளை நினைவில் வைக்கும் தந்திரம் மாணவியரிடையே பரவியிருக்கிறது. நமக்கு அதில் நம்பிக்கையில்லை. சொல் நினைவிருக்கும், எந்த எழுத்து எதைக் குறித்தது என்பது மறந்துபோகும்.

எழுதும் முறையைப் பற்றி ஒன்று. ஐந்து மதிப்பெண் குறிப்புக்கு முதல் வரியிலேயே சங்கத்தின் பெயர், ஆண்டு, தாய்ச்சங்கம் மூன்றும் வந்துவிட வேண்டும். அடுத்த இரண்டு வரிகளில் அது தோன்றியதற்குக் காரணம். பின்பு நோக்கங்களில் நான்கைச் சொந்த வார்த்தைகளில். இறுதியில் தன் கல்லூரிக் கிளை அவ்வாண்டில் செய்த ஒரு வேலை: இரத்ததான முகாமோ, பள்ளிப்பிள்ளைகளுக்கு நடத்திய சுகாதாரக் கண்காட்சியோ எதுவாயினும் சரி. உறுப்பினராக இருந்து கண்டதை எழுதும்போது விடை மற்ற விடைகளிலிருந்து தானே வேறுபட்டு நிற்கும். பயிற்சி முடித்தபின் மாணவியர் சங்கத்தை விட்டு டி.என்.ஏ.ஐ.யில் உறுப்பினராகலாம் என்பதையும் கடைசி வரியாகச் சேர்க்கலாம். அதை எழுதிவிட்டுப் பின்னாளில் உண்மையாகவே சேர மறந்துவிடுவோர் பலர்; கடைசிப் பரீட்சை முடிந்த வாரத்திலேயே கல்லூரிக் கிளையின் ஆலோசகரிடம் விசாரித்துவிடுவது நல்லது.

பரீட்சைக்கு முந்திய இரவு பத்து மணிக்குமேல் தாள்களைக் கலைக்க வேண்டாம். மறுநாள் பிற்பகலில் பரீட்சை என்றாலும், காலையில் வார்டுப் பணி இருக்கும் கல்லூரிகள் உண்டு.